மறுகால்

சுவரில் ஒரு உரிமம் தொங்குகிறது.
வயர்லெஸ் இலாகா முத்திரை, பச்சை மை,
என் பெயர், என் அழைப்புக்குறி.
அலைவரிசையில் வியாபாரம் பேசாதே,
ரகசிய மொழி பேசாதே,
தொடங்கும்போதும் முடிக்கும்போதும் யாரென்று சொல்.
பரீட்சை எழுதி வாங்கியது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு உரிமத்துக்காக
மூன்று ராத்திரியாக உட்கார்ந்திருக்கிறேன்.
மோர்ஸ் பிரிக்கும் நிரல் நூலகம்,
ஒத்தக்கடை மாடியில் ஏழு வருஷம் எழுதியது.
லைசென்ஸ் என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது.
உள்ளே: 'பிறகு போடலாம்.'

ஓசூர்க் கம்பெனி ஒன்று கேட்கிறது.
பெட்டியில் வைத்து விற்பார்களாம்.
'எம்ஐடி போட்டுருங்க மேடம், அதான் சிம்பிள்.
உங்க பேரு கண்டிப்பா இருக்கும்.'
இருக்கும்தான். கையேட்டின் கடைசிப் பக்கத்தில்
எறும்பு எழுத்தில்.

ஜிபிஎல் போட்டால்
பெட்டிக்குள் இருக்கும் நிரல் அத்தனையும் திறந்து காட்ட வேண்டும்.
ஓடிவிடுவார்கள்.
ஓடட்டுமே என்று ஒரு மனசு.
பெட்டி மலிவாக வந்தால் காலேஜ் பிள்ளைகள் நாலு பேர்
அலைவரிசைக்கு வருவார்களே என்று இன்னொன்று.

நானாக முடிவெடுக்கவும் முடியாது.
அதில் நாற்பத்தொரு வரி மச்சக்காளையுடையது.

மேலூர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர்.
நடுவில் யானைமலை படுத்திருப்பதால்
அவன் குரல் எனக்கு நேராக வந்ததே இல்லை,
தும்பிக்கையைச் சுற்றிக்கொண்டு பாதி உதிர்ந்து வரும்.
பகலெல்லாம் கம்பி இரைச்சலோடு மல்லுக்கட்டியவன்
ராத்திரி அதை வடிகட்ட நிரல் எழுதினான்.
போன ஐப்பசியில் அவன் விசை ஓய்ந்தது.
சாவை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்.
அவன் வரிகள் இப்போது அழகுமீனாவுக்குச் சொந்தம்.

மேலூர் பஸ்ஸில் போனேன். பால் சொசைட்டியில்
கொழுப்பு அளக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் அவள்.
சொன்னேன். எவ்வளவு சொன்னேன் என்று நினைத்தால்
இப்போது வெட்கமாக இருக்கிறது.
கண்மாய், மடை, மறுகால் என்றெல்லாம்.
நிறைந்தது அடுத்த கண்மாய்க்குப் பாய வேண்டும் என்பது ஒரு உரிமம்,
எடுத்தவன் மறுகாலை அடைத்து மனைபோட்டாலும்
போகட்டும் என்பது இன்னொன்று.
'மறுகால்ல மனை போட்டவன் வீட்லதான்
நாங்க வாடகைக்கு இருக்கோம்' என்றாள்.
பிறகு, 'அவரு எழுதுனத வாசிங்க.'

வாசித்தேன், செல்போனைப் பார்த்து.
அடைப்புக்குறி, ஈக்வல் டு, அரைப்புள்ளி.
இரண்டு பேர் பால் ஊற்றிவிட்டுப் போனார்கள்.
'அவரு பேசுற மாதிரியே இல்லையே.'
முப்பத்தாறாவது வரி. இரண்டு சாய்கோடு போட்டு, தமிழில்:
'மழைக்கு இதை பாயிண்ட் த்ரீ ஆக்கவும்.
மேலூர் ஃபீடர் அழும். பாவம், விடு.'

அவள் கேனை மூடினாள். திறந்தாள். மூடினாள்.
'அந்தப் பொட்டிக்குள்ள இதுவும் போகுமா?'

போகாது.
மிஷின் மொழிக்கு மாற்றும்போது
சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதைத்தான்
கம்பைலர் முதலில் துப்பும்.
பெயர் மிஞ்சும். இது மிஞ்சாது.
ஏழு வருஷத்தில் நான் இதை யோசித்ததில்லை.

பால் கணக்கு நோட்டில் தாள் கிழித்து
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.
'எதப் போட்டாலும் சரி, அது இருக்கணும்.'

ராத்திரி கோப்பைத் திறந்து
'பிறகு போடலாம்' என்பதை அழித்தேன்.
எல்ஜிபிஎல்.
பெட்டி உங்களுடையது, பூட்டிக்கொள்ளுங்கள்.
நூலகத்தை மட்டும் மூல வரியோடு கொடுங்கள்,
திருத்தினால் திருத்தியதையும்.
வாங்கியவன் கழற்றிப் பார்க்கட்டும், வேறு மாட்டட்டும்.
ஓசூர் இன்னும் பதில் எழுதவில்லை.

வெளியே தூறல்.
ஏழு மெகாஹெர்ட்ஸ் முழுக்கக் கரகரப்பு,
அதற்கடியில் யாரோ புள்ளியும் கோடுமாக
தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.
பாயிண்ட் த்ரீ வைத்தேன்.
மேலூர் ஃபீடர் அழுதது.
விட்டேன்.